மரத்தில் ஆள் ஏறுமுன் ஒரு நிமிடம் யோசிப்போம்



மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டோரக் கிளைகளை வெட்டுவது நம் ஊர்களில் வழக்கம். ஏறுபவர் பெரும்பாலும் நம் குழு உறுப்பினரின் கணவராகவோ அண்ணன் தம்பியாகவோ இருப்பார். "பழகின ஆளுதானே, ஒண்ணும் ஆகாது" என்று நாமும் அனுப்பிவிடுகிறோம். ஆனால் அவர் விழுந்துவிட்டால் வீட்டு வருமானம், பிள்ளைகள் படிப்பு, குழுக் கடன் தவணை எல்லாம் அன்றைக்கே நின்றுபோகும். எனவே இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

அன்று எப்படி இருந்தது?

அரிவாள், கோடாரி, கயிறு இவைதான் கருவிகள். பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி ஏறினார்கள். தொழிலை அப்பாவிடம் மகன் பல வருடம் கூடவே இருந்து கற்றான். ஆபத்து அன்றும் இருந்தது. நைந்த கயிறு, மழையில் வழுக்கும் பட்டை, கலைந்த குளவிக் கூடு, இவற்றால் விழுந்து படுத்த படுக்கையானவர்கள் உண்டு.

இன்று என்ன மாறியிருக்கிறது?

இப்போது மெஷின் ரம்பம் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் ஓடும் ரம்பத்தின் நுனி கட்டையில் பட்டால் எகிறி முகத்துக்கே வரும். இடுப்பில் கட்டிய கயிற்றையும் அறுத்துவிடும். தெருவெல்லாம் மின்கம்பி. ஈரக் கிளை கம்பியில் பட்டால் மரத்தில் இருப்பவருக்கும் கரண்ட் பாயும். இரும்பு, அலுமினியத் தொரட்டியும் அப்படித்தான்.

புயலில் சாய்ந்த மரம் இன்னும் மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டா மாவட்டங்களில் எத்தனை மரம் சாய்ந்தது என்று பார்த்தோம். வளைந்து நிற்கும் மரத்தில் வெட்டு விழுந்ததும் அது வில் போல விடுபட்டு அடிக்கும்.

20 அடி உயரம்தானே என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து விழுபவர் தரையில் மோதும் வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்!

நாம் கவனிக்க வேண்டியவை

1. பக்கத்தில் கம்பி இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை. மின்னகம் எண்: 94987 94987.
2. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட், தலைக்கவசம் அவசியம். குழுவே ஒரு செட் வாங்கி வாடகைக்கு விடலாம்.
3. கிளையின் அடிப்பக்கம் முதலில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழிந்து ஆள்மேல் சாயாது.
4. மழை, காற்று, குடிபோதை இருந்தால் ஏற விடக்கூடாது.
5. ஆட்டுக்குத் தழை பொறுக்க நாம்தான் கீழே போய் நிற்போம். வேலை முடியும்வரை, மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்போம். பிள்ளைகளையும் விடவேண்டாம்.

விழுந்துவிட்டால்?

உடனே 108-க்கு போன் செய்யுங்கள். கை காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் தூக்குவதாலேயே கால் விளங்காமல் போகலாம். கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே படுக்க வையுங்கள். கரண்ட் அடித்தவரை லைன் நிறுத்தும்வரை தொடக்கூடாது.

20 ரூபாய் காப்பீடு

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய் மட்டுமே. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ள யாரும் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கைகளையோ கால்களையோ இழந்தாலும் 2 லட்சம். ஒரு கை அல்லது கால் போனால் 1 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும், கவனம்! மரத்திலிருந்து விழுந்ததற்கு உடனே பார்த்த ஆஸ்பத்திரியின் சீட்டுதான் ஆதாரம். ஆகவே நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடும் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கணக்கு எடுங்கள். நம் உறுப்பினர் வீடுகளில் மரம் ஏறுபவர் எத்தனை பேர்? அதில் எத்தனை பேருக்குக் காப்பீடு இருக்கிறது? விடுபட்டவர்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, அந்த வாரமே வங்கிக்கு அழைத்துப் போங்கள்.