ஏலத்துக்கு வரும் போலீஸ் பொலேரோ: லட்ச ரூபாய்க்குக் கிடைச்சா எடுக்கலாமா?



பேப்பர்ல ஒரு ஓரமா வர்ற சின்னச் செய்தி இது. மாவட்டக் காவல்துறை பயன்படுத்திக் கழிவு செய்த ஜீப்பு, கார், பைக் எல்லாம் ஆயுதப்படை மைதானத்துல பொது ஏலம் விடப்படும், விருப்பம் இருக்கிறவங்க முன்பணம் கட்டிக் கலந்துக்கலாம்னு போட்டிருக்கும். இதைப் படிச்சதும் நம்ம மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிச்சிடும். புது பொலேரோ எடுக்கணும்னா பத்து லட்சம் பக்கத்துல ஆகுது, இங்க லட்சம், ஒன்றரை லட்சத்துக்கு அடிச்சிடலாம் போலிருக்கே! போதாக்குறைக்கு, அமெரிக்காவுல பழைய போலீஸ் காரை ஏலத்துல எடுத்து ஓட்டுறவங்க வீடியோ வேற யூடியூப்ல குவிஞ்சு கிடக்கு.

சம்பளத்துல மிச்சம் பிடிச்ச ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்தை இதுல போடலாமான்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த அமெரிக்க மோகத்தைப் பேசி முடிச்சிடலாம். அங்க இதுக்குப் பேர்போன வண்டி ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். 4.6 லிட்டர் வி8 எஞ்சின். 2011 செப்டம்பரோட உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. ஊருக்கு ஊர் நகராட்சி நிர்வாகங்கள் அதை ஏலம் விட, டாக்ஸிக்காரங்களும் கல்லூரிப் பசங்களும் எடுத்து ஓட்டினாங்க. அந்த வண்டியை இங்க இறக்கலாமான்னு கேட்காதீங்க. இந்தியாவுக்குப் பழைய கார் இறக்குமதி செய்யணும்னா மூணு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். ரெண்டுலயும் அது தேறாது.

ஆனா அந்த வண்டியில நமக்கு ஒரு பாடம் இருக்கு. போலீஸ் கார் ஓடுற நேரத்தை விட, எஞ்சினை அணைக்காம நிக்கிற நேரம் ரொம்ப அதிகம். எஞ்சின் ஒரு மணி நேரம் சும்மா ஓடினா, சுமார் 33 மைல் ஓடின தேய்மானம்னு ஃபோர்டு கம்பெனியே கணக்குச் சொல்லியிருக்கு. நம்ம கணக்குல 53 கிலோமீட்டர். அதனாலதான் அங்க விவரம் தெரிஞ்சவங்க ஓடோமீட்டரை மட்டும் பார்க்காம, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுற மீட்டரையும் பார்க்கிறாங்க.

நம்ம ஊர் ரோந்து வண்டியை யோசிச்சுப் பாருங்க. திருவிழா பந்தோபஸ்து, கட்சிப் பொதுக்கூட்டம், ராத்திரி முழுக்க ஹைவே ஓரம். அதுபோக, ஒரே வண்டியை ஷிஃப்டுக்கு ஒரு டிரைவர் ஓட்டுவார். கிளட்ச்சை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி மிதிப்பாங்க. மீட்டர்ல 1,40,000 கிலோமீட்டர்னு காட்டினா, எஞ்சின் பட்ட பாடு அதை விட ரொம்ப அதிகம்னு வெச்சுக்குங்க. நம்ம பொலேரோல மணிக்கணக்கு மீட்டரைத் தேடாதீங்க, கிடைக்காது.

எந்த ஏலம்னு முதல்ல பாருங்க

போலீஸ் ஏலம்னு பொதுவா சொல்றோம். ஆனா அதுக்குள்ள ரெண்டு மூணு வகை இருக்கு, பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். ஒண்ணு, காவல்துறையே ஓட்டிக் கழிவு செய்த வண்டி. இன்னொண்ணு, மதுவிலக்கு வழக்குல பறிமுதல் ஆனதும், கேட்பாரற்றுக் கிடந்து யாரும் உரிமை கோராததும். இந்த ரெண்டாவது வகையில பல சமயம் வண்டிக்கு ஆர்.சி.யே இருக்காது. சில ஏலங்கள்ல வண்டியைப் பழைய இரும்பாகத்தான் விக்கிறாங்க. ஜிஎஸ்டி எண் வெச்சிருக்கிற வியாபாரிகள் மட்டும் வரலாம்னு நிபந்தனையே இருக்கும். இரும்பு விலைக்கு வாங்கின வண்டியை ரோட்டுல ஓட்ட முடியாது.

சரி, காவல்துறையே ஓட்டின வண்டிதான், ஆர்.சி.யும் இருக்கு. அப்போ பார்க்க வேண்டியது வண்டியோட வயசு.

மத்திய அரசு 2023 ஜனவரியில மோட்டார் வாகன விதிகள்ல ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் அமல். அரசுக்குச் சொந்தமான வண்டிக்கு, முதல் பதிவு நாள்ல இருந்து 15 வருஷம் முடிஞ்சா பதிவு தானா காலாவதி ஆயிடும், புதுப்பிக்க முடியாது. அந்த வண்டி போக வேண்டிய இடம், பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையம். சட்டம் ஒழுங்கு, பாதுகாப்புப் பணிக்கான கவச வண்டி மாதிரி சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. சாதாரண ஸ்டேஷன் ஜீப்புக்கு இல்லை.

இது உங்களுக்கு எப்படி வேட்டு வைக்கும்னு பாருங்க. நம்ம சொந்த வண்டின்னா 15 வருஷம் முடிஞ்சதும் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி, கட்டணம் கட்டி, அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கலாம். ஆனா பேர் மாத்துறதுக்கு முன்னாடியே அந்த 15 வருஷம் முடிஞ்சுட்டா, ரெக்கார்டுல அது இன்னும் அரசு வண்டிதான். நீட்டிக்க வழி இல்லை. நீங்க காசு கட்டி எடுத்தது வாசல்ல நிக்கிற இரும்பு. அதனால 13, 14 வயசு வண்டி மலிவா போகுதேன்னு கை தூக்காதீங்க. ஆர்.சி.யில முதல் பதிவு தேதியைக் கண்ணால பார்த்துட்டு, குறைஞ்சது மூணு வருஷமாவது பாக்கி இருந்தா மட்டும் யோசிங்க. இது என் கணக்கு, சட்டம் அப்படிச் சொல்லலை. பேர் மாத்துற வேலை இழுத்தடிக்கும்கிற முன்யோசனைதான்.

பேர் மாத்துறதுக்கு என்ன வேணும்

வழக்கமா செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினா படிவம் 29, 30. பொது ஏலத்துல எடுத்த வண்டிக்கு அது செல்லாது, படிவம் 32. மத்திய மோட்டார் வாகன விதி 57 இதுக்குன்னே இருக்கு. வண்டி உங்க கைக்கு வந்த 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஏலம் நடத்தின அதிகாரி உங்க பேருக்கு விற்பனையை உறுதி செஞ்சு கையெழுத்துப் போட்ட சான்று, அந்த வண்டியை ஏலம் விடலாம்னு அரசு போட்ட உத்தரவோட சான்றளிக்கப்பட்ட நகல், இத்தனையும் வேணும்.

கடைசியா சொன்ன அந்த உத்தரவு நகலைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. வண்டியை எடுத்த உற்சாகத்துல ரசீதை மட்டும் மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுட்டு வந்துடுவாங்க. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டதும், திரும்ப ஆயுதப்படை அலுவலகத்துக்கு லீவு போட்டு நடக்கணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடியே, இந்த நகல் எப்போ தருவீங்கன்னு கேட்டு வெச்சுக்குங்க.

இன்னும் ரெண்டு கேள்வியை உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே கேளுங்க. நம்ம மாநிலத்துல அரசு வண்டிக்கு 'ஜி' வரிசை நம்பர் கொடுப்பாங்க. உங்க பேருக்கு வரும்போது புது நம்பர் வாங்கணுமா? ஆயுள் வரி பாக்கி ஏதாவது உங்க தலையில விழுமா? ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில், நீங்க எவ்வளவு வரைக்கும் ஏலம் கேட்கலாம்கிறதையே மாத்திடலாம்.

இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குது. ஆனா வியாபார நோக்கம் இல்லாத அரசு வண்டிக்கு அதே பிரிவு விலக்கும் தருது. ஆக, நீங்க ஏலத்துல எடுக்கிற வண்டிக்கு அன்னைக்குப் பாலிசியே இல்லாம இருக்கலாம். விபத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா அரசு பார்த்துக்கும்கிறது நேத்து வரைக்கும். இன்னைக்கு அது உங்க வண்டி.

பாலிசி இல்லாம பிடிபட்டா முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். அதைக் கட்டிடலாம். ஆனா பாலிசி இல்லாம ஒருத்தரை இடிச்சுட்டீங்கன்னா, இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்ற தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அது பல லட்சமா வரும், உங்க சொத்துல இருந்துதான் போகும். மாசச் சம்பளக்காரங்களைப் பத்து வருஷம் பின்னுக்கு இழுத்துடும். அதனால மைதானத்துல இருந்து வண்டியை ஓட்டிட்டு வீட்டுக்குப் போற செல்ஃபி வேண்டாம், டோ பண்ணிட்டுப் போங்க.

2022 ஜூன்ல நிர்ணயிச்ச விகிதப்படி, 1,500 சிசிக்கு மேல உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 7,897 ரூபாய். பழைய பொலேரோ 2,500 சிசி, அதனால இதுலதான் வரும். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 9,318.

இப்போ கணக்குப் போடலாம்

2016-ல பதிவான பொலேரோ ஒண்ணு 1,20,000-க்கு உங்களுக்கு விழுந்ததுன்னு வைங்க. ஏலத் தொகைக்கு மேல ஜிஎஸ்டி தனி. 18% போட்டா 21,600. ஆக 1,41,600. இன்ஷூரன்ஸ் 9,318. டோவிங் 5,000. அஞ்சு டயரும் போயிருக்கும், 30,000. பேட்டரி 7,000. கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன்னு மெக்கானிக் கைக்கு ஒரு 50,000. ஸ்டிக்கர் உரிச்ச இடமெல்லாம் திட்டுத் திட்டா தெரியும், பெயின்ட்டுக்கு 35,000. இதுல மெக்கானிக், பெயின்ட், டயர் எல்லாம் என் உத்தேசம், உங்க ஊர்ல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கூட்டினா 2,77,918. பேர் மாத்துற கட்டணம், ஆயுள் வரி இதுல சேரலை. எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தா, அதுவும் சேரலை.

அதாவது 1,20,000-னு நினைச்சு உள்ள போனவங்க ரெண்டே முக்கால் லட்சத்துல நிப்பாங்க. இதே காசுக்கு, ஒரே ஓனர் ஓட்டி, சர்வீஸ் ரெக்கார்டு வெச்சிருக்கிற சின்ன கார் வெளியில கிடைக்கும். அதுக்குச் சில பேங்க் லோன் கூட தரும். ஏலத்துல அந்த வசதி இல்லை. முழுப் பணத்தையும் உடனே கட்டணும். அப்போ கை எங்க போகும்? பர்சனல் லோன், கிரெடிட் கார்டு. தேய்ஞ்ச வண்டிக்கு 14, 15% வட்டியான்னு உங்களையே கேட்டுக்குங்க. எமர்ஜென்ஸி ஃபண்டுல கை வைக்கிறது அதைவிட மோசம்.

அப்போ யாருமே எடுக்கக் கூடாதான்னா, அப்படி இல்லை. வீட்டுல மெக்கானிக் இருக்காரு, தோட்டத்துக்கு முரட்டு வண்டி வேணும், ஏற்கனவே ஒரு வண்டி ஆபீஸுக்கு இருக்கு, கையில ரொக்கம் இருக்குன்னா தாராளமா போங்க. பொலேரோவுக்கு உதிரிபாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும், அது பெரிய பலம். தினம் ஆபீஸுக்குப் போக முதல் கார் தேடுறவங்க மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

எடுத்தவங்க, வண்டியில ஒட்டியிருக்கிற போலீஸ் அடையாளம் ஒண்ணு விடாம எடுத்துடுங்க. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு அவசர சேவை வண்டிகளுக்கு மட்டுமே. சைரனும் அப்படித்தான். சென்னையில தனியார் வண்டியில போலீஸ்னு ஸ்டிக்கர் இருந்தா அபராதம்னு போக்குவரத்து போலீஸ் 2024 மே 2-ல இருந்து பிடிக்க ஆரம்பிச்சாங்க. கெத்துக்காக விட்டு வெச்சா, முதல் செக்போஸ்ட்லயே விசாரணைதான். ராணுவப் பச்சை அடிச்சா அழகா இருக்குமேன்னு சில பேருக்குத் தோணும். அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான்னு விதி இருக்கு, அதையும் மறந்துடுங்க.

ஏலத்துக்கு முன்னாடி வண்டியைப் பார்வையிட நாள் கொடுப்பாங்க. அன்னைக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை ஐநூறு, ஆயிரம் கொடுத்தாவது கூட்டிட்டுப் போங்க. சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒப்பிட்டு, போனில் போட்டோ எடுத்துக்குங்க. ஏல நாள்ல ஆதார், முன்பணத்தோட போகணும். உங்க உச்சத் தொகையை வீட்டுலயே ஒரு பேப்பர்ல எழுதிடுங்க, மைதானத்துல வெச்சு முடிவு பண்ணாதீங்க. வண்டி கிடைக்கலைன்னா முன்பணத்தைத் திருப்பித் தந்துடுவாங்க. அந்த ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க.