கடல்நீர் மீன் தொட்டி: பழைய பாறை காத்திருப்பைக் குறைக்கும், பவளமானால் சிறை

புனே: சஹ்யாத்ரி மலைக்குக் கிழக்கே அமைந்த புனேயில் கடல்நீர் மீன் தொட்டி வைப்போர், தண்ணீரையே தயாரிக்க வேண்டியுள்ளது. கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால், அதை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவையைக் கரைக்கின்றனர். சமையல் உப்பு இதற்குப் பயன்படாது.

தண்ணீர் தயாரானாலும் உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா மீனைக் கொல்லும். நைட்ரேட்டின் தீமை ஒப்பீட்டளவில் குறைவு. கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நச்சு மேலும் கூடுவதால், நன்னீர்த் தொட்டியைவிட இங்கு ஆபத்து அதிகம். இந்த பாக்டீரியாக்கள் தாமாகப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஏற்கெனவே இயங்கிவரும் தொட்டியில் நெடுநாள் இருந்த நுண்துளைப் பாறையைப் புதிய தொட்டிக்கு மாற்றினால், அதில் படிந்துள்ள பாக்டீரியாக்களும் உடன் வருகின்றன. காத்திருப்பு சில நாட்களாகக் குறையக்கூடும். ஆனால் பாறையைப் பழைய தொட்டியின் நீரில் மூழ்கிய நிலையிலேயே கொண்டுவர வேண்டும். காய்ந்தால் அதில் வாழும் புழுக்களும் கடற்பஞ்சுகளும் இறந்து அழுகி, அம்மோனியாவைக் குறைக்க வந்த பாறையே அதைக் கூட்டிவிடும். மீனில்லாத தொட்டியில் வாரக்கணக்கில் சும்மா வைப்பதும் தவறு; உணவின்றி பாக்டீரியாக்கள் குறைந்துவிடும்.

தொட்டி தயாரா என்பதை நாட்களை எண்ணி முடிவு செய்ய இயலாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமானால் முதல் மீனை விடலாம். அதன்பின்னும் ஒவ்வொன்றாகவே சேர்க்க வேண்டும்.

எந்தப் பாறை என்பதில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. பல நாடுகளில் விற்கப்படும் 'லைவ் ராக்' பெரும்பாலும் பவளப்பாறைத் துண்டுகளே. இந்தியாவில் பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் மட்டுமன்றி, வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 2022 சட்டத் திருத்தத்தின்படி குறைந்தது ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படலாம். நண்பரின் தொட்டியிலிருந்து இலவசமாகப் பெற்றது என்பதால் பவளம் பவளமல்லாமல் போய்விடாது.

இக்கடுமைக்குக் காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை ஒட்டிய பகுதிகளில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் பல ஆண்டுகள் வெட்டப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன.

பவளம் கலவாத செயற்கைப் பாறையோ நுண்துளை பீங்கான் கட்டியோ இதே பணியைச் செய்யும். இயங்கும் தொட்டியின் வடிகட்டிப் பெட்டியில் சில வாரங்கள் ஊறவைத்தால், அதிலும் பாக்டீரியாக்கள் குடியேறிவிடும்.