மறதியா, மறுப்பா?

“இளமைக் காலமா? நன்றாகத்தான் கழிந்தது, ஒன்றும் நினைவில் இல்லை” என்று பேச்சை முடித்துக்கொள்வோரை நாம் அறிவோம். தாயின் மறைவைக் குறிப்பிட்டாலும் அவர்தம் முகத்தில் சலனம் இராது. இது மறதியா, மனவுறுதியா? இரண்டும் அன்று என்கின்றனர் உளவியலார்.

தாய்-சேய் பிணைப்பைக் கோட்பாடாக வகுத்தவர் ஆங்கிலேய மருத்துவர் ஜான் பௌல்பி. அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், 1954-55இல் உகாண்டாவின் சிற்றூர்களில் அவ்வுறவை உற்றுநோக்கினார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை அமைத்தார். ஓராண்டு நிரம்பிய குழந்தையைப் புதியதோர் அறையில் விட்டுத் தாய் வெளியேறிச் சற்று நேரத்தில் திரும்புவாள். பெரும்பாலான குழந்தைகள் அவளை நாடித் தேறுதல் பெற்றன. சில மட்டும் அவளைக் காணாதது போல் பொம்மையின்பால் திரும்பின. அழுது பயனில்லை என்பதை அவை முன்னரே கற்றிருந்தன. ஆயினும் 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் ஆகிய இருவர், இத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பும் விரைவுறுவதை எடுத்துக்காட்டினர். முகம் மறைத்ததை உடல் மறைக்கவில்லை.

இவ்வியல்பு முதிர்ந்தோரின் நினைவையும் தொடுகிறது. ஃப்ரேலி, கார்னர், ஷேவர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இழப்பைப் பற்றிய உரையாடலொன்றைச் சிலரைக் கேட்கச் செய்து, நினைவில் நின்றவற்றை வினவினர். விலகும் இயல்பினர் தொடக்கத்திலேயே குறைவாகக் கூறினர். ஆனால் நாள் செல்லச் செல்ல மறக்கும் வேகத்தில் அவர்கள் பிறரை ஒத்தே இருந்தனர். எனவே, உள்ளே வந்தது அழிக்கப்படவில்லை; வாயிலிலேயே தடுக்கப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்க் குடும்பமொன்றில் தங்கி ஆராய்ந்த மார்கரெட் ட்ராவிக், 1990இல் வெளியான தம் நூலில், அன்பை மறைத்துக் காக்கும் ‘அடக்கம்’ நம்மிடையே அன்பின் ஓர் இலக்கணமாகவே இருப்பதை விளக்குகிறார். ஆகவே, பேசாத தந்தையர் அனைவரையும் விலகும் இயல்பினர் எனக் கருதலாகாது. அடக்கமுடையவர் அன்பை உணர்ந்து மறைக்கிறார். மற்றவரோ உணர்வையே அணுகவொட்டார்.

கம்மாபுரம், நெய்வேலி வட்டாரத்தில் தந்தை சுரங்கத்தின் இரவுப் பணியிலோ வளைகுடாவிலோ இருக்க, வளரும் பிள்ளைகள் பலர். பிரிவுக்கு அழாத பிள்ளையைச் ‘சமத்து’ எனப் பாராட்டுமுன் அருகில் அமர்த்திப் பேசச் செய்தல் நலம். இவ்வியல்பு மாறாத விதியன்று; அழுகைக்கு மறுமொழி கிடைக்குமானால் பிள்ளை மீண்டும் நாடக் கற்கும். துயரை உணர்ந்து தாங்குவதே சபூர்; உணராதிருப்பது சபூர் ஆகாது.