சவுக்குக்கு முன்னால் ஒரு கொடி

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மாடி எழும்புகிறது என்றால் முதலில் வந்து இறங்குவது சவுக்குக் கட்டைதான். சாரம் கட்ட, கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்க, தர்கா சந்தனக்கூட்டுக்குப் பந்தல் போட, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கரையோரம் தடுப்புக் கட்ட, எல்லாவற்றுக்கும் சவுக்கு. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த மரம் உயிரோடு நிற்கும் இடத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். மனைவிக்கு ஊர் வேதாரண்யத்தை ஒட்டிய தோப்புத்துறை. மச்சானுக்கு அங்கிருந்து வடக்கே, புஷ்பவனம் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் சவுக்குக் காடு, அதைத் தாண்டினால் மணல் மேடு, அப்புறம் கடல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. டெல்டாவில் தென்னை சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருப் பையன்கள் பாய், அரிசி, மெழுகுவர்த்தி சேர்த்து வேனில் ஏற்றினார்கள். வழி தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். திருத்துறைப்பூண்டி தாண்டியதுமே சாலையில் மரத்தை அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் தோப்பில் நிற்பதை எண்ணுவது சுலபமாக இருந்தது, விழுந்ததை எண்ண முடியவில்லை.

மறுநாள் கடற்கரைக்கு நடந்தோம். சவுக்கு வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தது. வேரோடு பெயர்ந்த மரம் தன்னைச் சுற்றியிருந்த மணலையும் தூக்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. கடலோரம் வரை சவுக்கு நட்டிருந்த இடத்தில் மேட்டை அலை செங்குத்தாக வெட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி, யாரும் எதுவும் நடாமல் விட்ட ஒரு துண்டுக் கரை. அங்கும் மேட்டில் பாதி போயிருந்தது. ஆனால் மிச்சப் பாதியிலிருந்து அடும்பங்கொடி சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது, முனையில் புதுத் தளிரோடு.

"இதைப் போய் இவ்வளவு நேரம் பாக்குறீங்களே மச்சான், ஆடுகூட இதைத் தின்ன யோசிக்கும்" என்றார் மச்சான். சவுக்கு போனதில் அவருக்குப் பண நஷ்டம். எனக்கு அந்தக் கொடி பாடம் எடுத்துக்கொண்டிருந்தது.

கடற்கரை மணல் மேடு எப்படி உருவாகிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாமல்தான் நான் வேலை பார்த்து முடித்தேன். விஷயம் எளிது. காற்று காய்ந்த மணலைத் துள்ளவைத்துக் கரைப்பக்கம் தள்ளுகிறது. வழியில் ஒரு செடி இருந்தால் அங்கே காற்றின் வேகம் குறைகிறது, மணல் கீழே விழுகிறது. சாதாரணச் செடி என்றால் அத்தோடு புதைந்து செத்துவிடும். அடும்புக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் அப்படிப் புதைவதுதான் வாழ்க்கை. மூடிய மணலுக்குள் ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, மேலே வந்து மறுபடி படரும். மறுபடி மணல் விழும், மறுபடி ஏறும். இப்படியே கடலுக்கு முதல் வரிசையில் ஒரு மேடு எழும்பிவிடுகிறது.

அந்த மேடு கடலைத் தடுக்கும் சுவர் என்று நினைப்பதில்தான் நாம் பிசகுகிறோம். அது குதிர். புயல் அலை மேட்டை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துப்போகும். அந்த மணல் கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகப் படியும். பின்னால் வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து பலம் குறையும். புயல் ஓய்ந்து, அமைதியான மாதங்களில் சின்ன அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். அப்போது பிடித்து வைக்கச் செடி இருந்தால் குதிர் நிரம்பும். இல்லையென்றால் அந்த மணல் காற்றோடு ஊருக்குள் போய்க் கிணற்றையும் தோட்டத்தையும் மூடும். புயலுக்குப் பிறகு செடி வைப்பதன் காரணம் இவ்வளவுதான்: அடுத்த புயலுக்குள் மணலைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மேட்டில் விழுகிற மழை கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிக் குடிநீர் எடுப்பதை ராமேசுவரம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மேடு கரைந்தால் அந்த ஊற்றும் போகும்.

செடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் வாத்தியார் கொஞ்சம் நீட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். அடும்பின் இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பின் வடிவில் இருக்கும். ஊதா கலந்த சிவப்பில், காலையில் விரியும் பூ. சங்கப் புலவர்கள் நெய்தல் பாட்டில் இதை விடாமல் பாடியிருக்கிறார்கள். விதை கடல் நீரில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். அதனால் வேதாரண்யத்தில் இருக்கும் அதே கொடி பிரேசிலிலும் ஃப்ளோரிடாவிலும் இருக்கிறது. விதைத் தோல் கெட்டியானது. லேசாகக் கீறிவிட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். அதைவிட நல்ல வழி, மூன்று நான்கு கணு வருகிற மாதிரி கொடியை வெட்டி, இரண்டு கணுவை மணலுக்குள் புதைத்து விடுவது.

இராவணன் மீசை என்பது முள் போன்ற விறைப்பான புல். செருப்பில்லாமல் மிதித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூக்கொத்து காய்ந்து முள் பந்தாக உடைந்து, காற்றில் கரை நெடுக உருண்டு ஓடும். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். இதை நடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே இடத்திலிருந்து பெயர்த்து வந்தால் எல்லாம் ஆணாகப் போய்விடலாம். அப்புறம் உருள்வதற்குப் பந்து ஏது?

இவை இரண்டும் முன்வரிசை. மேட்டின் பின்சரிவில் தாழை. அதற்கும் பின்னால், உப்புக் காற்று தணிந்த இடத்தில் புன்னை, பனை. தெற்கே ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் உடைமரம். கோடியக்கரையில் பழைய மணல் மேடுகளின் மேலேயே பாலை மரக் காடு நிற்கிறது. கஜா அதையும் விட்டுவைக்கவில்லை என்றாலும், முறிந்த அடிமரங்கள் பல மறுபடி துளிர்த்தன.

இந்த வரிசைக்குள் சவுக்கு எங்கே வந்தது? அது தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாப் பக்கத்து மரம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணக் கடற்கரையில் பரப்பினார்கள். வேகமாக வளரும், மணலில் நிற்கும், சில வருடத்தில் காசாகும். புயல் வந்ததும் எல்லோர் கையும் அதன் மேல்தான் போகும்.

நாலுவேதபதி கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. புஷ்பவனத்துக்குப் பக்கத்து ஊர். 2002-இல் அந்த ஊர் மக்கள் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டுக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். சாதனைக்காகத்தான் நட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்த அந்தக் காலையில், மரங்கள்தான் ஊரைக் காத்தன என்று அந்த மக்கள் சொன்னார்கள். அவர்கள் நன்றியில் எனக்குச் சந்தேகம் எதுவுமில்லை. ஒரு ஊர் முழுக்க மண்வெட்டியோடு கடற்கரைக்கு வந்ததே பெரிய காரியம்.

ஆனால் அதிலிருந்து அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்துக்கொண்ட பாடம் 'சவுக்கு நடு' என்பதாக ஆகிவிட்டது. சுனாமி நிதியில் கரை நெடுக அலைவாய் வரை சவுக்கு வைத்தார்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அன்டோனியோ மஸ்கரேனாஸ் சுனாமிக்குப் பிறகு நம் கரையை ஆராய்ந்து, மணல் மேடு இருந்த ஊர்கள் தப்பியதை எடுத்துக் காட்டினார். இலங்கையின் யாலாவில், கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் இருந்த மேட்டை அகற்றிய ஒரு விடுதி சுனாமியில் தரைமட்டமானது. 2010-இல் கார்த்திக் ஷங்கர் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, மரவேலி எல்லாப் பேரலையையும் தடுக்கும் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். சவுக்கு உதிர்க்கும் ஊசிச் சருகு மெத்தையாகப் படிந்து கீழே அடும்பையும் புல்லையும் முளைக்க விடாது. பங்குனி ஆமை முட்டையிட வரும் திறந்த மணலும் மரத்துக்குள் மறைந்துவிடும்.

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஆமை முட்டைக்கு யார் காசு குடுப்பா? சவுக்கு வெட்டினா மதுரைக்கு லாரி போகும்." என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவில் சாரம் கட்டுவதே அவருடைய மரத்தில் என்றால், நான் எந்த வாயால் நடாதே என்று சொல்வது? கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சவுக்கு அவருடைய பட்டா நிலத்தில், மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். மேடும் அதற்கு முன்னால் உள்ள கரையும் கொடிக்கும் புல்லுக்கும்.

புயலுக்குப் பிறகு இதே வேலையைச் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையை வழித்தெடுத்த பிறகு, ஊர்க்காரர்கள் பண்டிகை முடிந்து வீசிய கிறிஸ்துமஸ் மரங்களைச் சேகரித்துக் கரையில் வரிசையாகப் போட்டார்கள். அதில் மணல் பிடித்ததும் அந்த நாட்டு மணற்புல்லை நட்டார்கள். ஃப்ளோரிடாவில் மேட்டுப் புல்லைப் பறிப்பதே சட்டப்படி குற்றம். நம் சட்டமும் சளைத்ததில்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல் மேடுகளை முதல் வகைப் பாதுகாப்பில்தான் வைத்திருக்கிறது. தாளில்.

எங்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் தேவைப்படவில்லை. கஜா சாய்த்த தென்னையிலிருந்து மட்டையும் கீற்றும் வேண்டிய மட்டும் கிடந்தன. காற்றுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குத் தட்டி ஊன்றினால் மணல் தானாகச் சேரும். முழுசாக அடைத்துக் கட்டக்கூடாது, பாதிக் காற்று உள்ளே போக இடைவெளி வேண்டும். மச்சான் தெருப் பிள்ளைகளும் வலை காயப்போடும் ஆட்களும் சேர்ந்து ஊன்றினார்கள். படகு இழுக்கும் தடத்தை விட்டுவிட்டார்கள்; அதை மறிக்கும் எந்த வேலியும் ஒரே இரவில் அடுப்புக்குப் போய்விடும் என்று ஒரு பெரியவர் சிரிக்காமல் சொன்னார். ஐப்பசி மழை தொடங்கும்போது கொடித் துண்டுகளை வைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கோடையில் வைத்தால் வெந்துபோகும்.

2023-இல் 14 கடலோர மாவட்டங்களிலும் 1,076 கிலோமீட்டர் கரையில் ஒரு கோடி பனை விதை நடும் இயக்கம் தொடங்கியது. பனை நம் மரம், ஒரு அடிக் குழியில் விதையைப் போட்டு மூடினால் போதும், தண்ணீரும் கேட்காது. முதலில் கிழங்கைக் கீழே இறக்கிக்கொண்டுதான் இலையை வெளியே விடும். நல்ல திட்டம், மேட்டின் பின்பக்கம் வைத்தால். முன்வரிசையில், துள்ளும் மணலில் விதை போட்டுப் புகைப்படம் எடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அதே வருடம் அரசு அறிவித்த தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்துக்கு உலக வங்கி உதவியோடு 2,000 கோடி ரூபாய் என்றார்கள். நட்ட கன்று எத்தனை என்ற கணக்கை விட்டு, மேடு எத்தனை அடி உயர்ந்தது என்று யாராவது அளந்தால் நான் அங்கே போய் நாடா பிடிக்கத் தயார்.

மதுரைக்காரர்களுக்கு இதில் வேலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். செடி மணலைப் பிடிக்கத்தான் செய்யும், படைக்காது. ராமநாதபுரக் கரைக்கு வைகையும், வேதாரண்யத்துக்குக் காவிரியும் கொண்டுவந்து கொட்டியதுதான் அந்த மணல். வைகை அணை 1959-இல் வந்தது. மழைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. இடையில் ஆற்று மணலை லாரியில் அள்ளிக் கட்டடமாக்கிவிட்டோம். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கீழே புல்லும் சாக்கடையும்தான் தெரியும். கடலுக்குப் போக வேண்டிய மணல் எங்கள் தெருவில் மூன்று மாடியாக நிற்கிறது.

போன வாரம் மச்சான் போன் செய்தார். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறதாம், தட்டி பாதி புதைந்துவிட்டதாம், புதுத் தட்டி வேண்டுமாம். ஆடு தின்னாது என்று சொன்னவர்தான். இப்போது ஆடு மிதித்தே அழிக்கிறது என்று புலம்புகிறார். ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு மாதம் ஏதாவது கொடுத்து ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டார். என் பென்ஷனில் ஒரு பங்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறேன். மீதியை அவர் சவுக்கு விற்றுத் தருவாராம்.