வெந்நீர் மட்டும் மெலிவதேன்?

ஷவரில் குளிர்நீர் தாராளமாக வீழ, வெந்நீர் மட்டும் நூலிழையாய் ஒழுகினால் மாடித் தொட்டியைக் குறைகூற வேண்டா. தொட்டி தாழ்ந்திருப்பின் இரண்டுமே மெலிந்திருக்கும். பழுது வெந்நீர் வரும் வழியில்தான்.

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. அக்கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலுள்ள வெண்படலத்தைக் காட்டி நான் பல்லாண்டு நடத்திய பாடமே இது!

கைகழுவும் தொட்டிக் குழாயில் வெந்நீர் வேகமாக வருகிறதா? வந்தால், ஷவர்க் குழாயின் வெந்நீர்ப் பக்கமே அடைபட்டது. நீரை நிறுத்தி, உள்ளுறுப்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் படிவு கரையும். எங்கும் மெலிவாயின் கீசரின் வால்வுகளைச் சோதிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துத் தேர்ந்த பணியாளரை அழைப்பதே முறை. நீர் சொட்டுகிறதென்று சிலர் பாதுகாப்பு வால்வை அடைத்துவிடுகின்றனர். சூடேறி விரியும் நீருக்கு அதுவே போக்கிடம்; அடைபட்டால் கீசர் வெடிக்கவும் கூடும்.