பாட்டு தெரியும்... மெட்டுப் போட்டவரைத் தெரியுமா? டைட்டானிக் முதல் திருச்சி வரை தொடரும் ஒரு பாதிரியாரின் கதை

டைட்டானிக் மூழ்கிக்கொண்டிருக்கிறது. உயிர் பிழைக்க வழி தேடிக் கூட்டம் அங்கும் இங்கும் ஓடுகிறது. நடுவே நாலைந்து கலைஞர்கள் மட்டும் வயலினைக் கீழே வைக்காமல் வாசிக்கிறார்கள். 1997-ல் வந்த ஜேம்ஸ் கேமரூன் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இசை மறந்திருக்காது. அதே கப்பலைப் பற்றி 1958-ல் வெளியான 'எ நைட் டு ரிமெம்பர்' படத்திலும் இந்தக் காட்சி உண்டு. பாடலும் அதேதான். ஆனால், மெட்டு வேறு!

சாரா ஃபிளவர் ஆடம்ஸ் எழுதி 1841-ல் வெளியான 'நியரர் மை காட் டு தீ' என்ற பாடல் அது. அமெரிக்கர்கள் அதை லோவெல் மேசன் போட்ட 'பெத்தானி' மெட்டில் பாடுவார்கள். இங்கிலாந்து திருச்சபையினருக்கு ஜான் டைக்ஸின் 'ஹார்பரி'. மெதடிஸ்டுகளுக்கு ஆர்தர் சல்லிவன் போட்ட மெட்டு. கப்பலின் இசைக்குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லி மெதடிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை. அதனால், அவருடைய நினைவுச்சின்னத்தில் சல்லிவன் மெட்டின் தொடக்க ஸ்வரங்களைப் பொறித்திருக்கிறார்கள். கடைசி நிமிடங்களில் வாசித்தது இந்தப் பாடல்தானா என்பதிலேயே உயிர் தப்பியவர்கள் ஒத்துப்போகவில்லை என்பது தனிக்கதை.

மெட்டுக்குத் தனிப்பெயரா என்று தோன்றலாம். நம் சினிமாவில் ஒரு மெட்டு பெரும்பாலும் ஒரு பாட்டுக்குத்தான். ஆலயப் பாடல்களில் அப்படியில்லை. வரிக்கு இத்தனை அசை என்ற கணக்குப் பொருந்தினால், ஒரே மெட்டில் பல பாடல்களைப் பாடலாம். ஒரே பாடலைப் பல மெட்டுகளிலும் பாடலாம். அதனால்தான் மெட்டுக்கென்று ஒரு பெயர். நம்மூர் ஆலயங்களில் பாடப்படும் பாமாலைகள் பலவும் இப்படி மேல்நாட்டு மெட்டுகளுக்குள் தமிழை உட்கார வைத்தவைதான்.

அந்த மெட்டுக்காரர்களில் ஜான் பாக்கஸ் டைக்ஸின் கதை கொஞ்சம் கனமானது.

1823-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். தாத்தா போதகராக இருந்த ஆலயத்தில் பத்து வயதிலேயே ஆர்கன் வாசித்த பையன். கேம்பிரிட்ஜில் படித்து, குருப்பட்டம் பெற்று, 1849-ல் டர்ஹாம் பேராலயத்தில் இசைப்பொறுப்புக்கு வந்தார். ஒரு புதிய பாடல் புத்தகம் தயாராகிறது என்று கேள்விப்பட்டு, அதன் இசை ஆசிரியர் வில்லியம் ஹென்றி மங்க்குக்குத் தன் மெட்டுகள் சிலவற்றை அனுப்பினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே அனுப்பியவை. 1861-ல் வெளியான அந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' புத்தகத்தில் டைக்ஸின் மெட்டுகள் ஏழு இடம்பிடித்தன. வாழ்நாளில் ஏறக்குறைய 300 மெட்டுகள் போட்டவர், இந்த ஏழில் சிலவற்றாலேயே உலகம் சுற்றினார்.

ஒன்று, 'மெலிட்டா'. கடலில் இருப்பவர்களுக்காக வேண்டும் பாடலுக்கு அமைந்தது. பவுல் அப்போஸ்தலர் கப்பல் சேதத்தில் கரையேறிய தீவை நம் பைபிள் 'மெலித்தா' என்கிறதே, இன்றைய மால்டா, அதுதான் பெயர்க் காரணம். அமெரிக்கக் கடற்படையின் பாடலாகவே இது ஆகிவிட்டது. 1945-ல் ரூஸ்வெல்ட்டின் இறுதிச்சடங்கிலும் 1963-ல் கென்னடியின் இறுதி அஞ்சலியிலும் ஒலித்தது.

இன்னொன்று 'நைசியா'. திரித்துவத்தைப் போற்றும் 'ஹோலி ஹோலி ஹோலி' பாடலின் மெட்டு. பாடலை எழுதிய ரெஜினால்ட் ஹீபர் யார் தெரியுமா? கல்கத்தா பிஷப்பாக இருந்து, 1826 ஏப்ரலில் திருச்சிக்கு வந்த இடத்தில் குளிக்கும்போது இறந்துபோனவர். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான். நகரின் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் அடக்கமானார். அப்போது டைக்ஸுக்கு மூன்று வயது. ஒருவரையொருவர் பார்த்தேயிராத இருவரின் வரியும் மெட்டும் முப்பத்தைந்து வருடம் கழித்துச் சேர்ந்தன. இன்று ஒன்றில்லாமல் மற்றொன்றை நினைக்கவே முடியவில்லை!

இவ்வளவு புகழ் பெற்றவரை அவருடைய சொந்த மறைமாவட்டம் எப்படி நடத்தியது என்பதுதான் வருத்தமான பகுதி.

1862-ல் டர்ஹாமின் செயின்ட் ஆஸ்வால்ட் ஆலயத்துக்குப் போதகரானார் டைக்ஸ். தூபம், வண்ண உடை என்று பழைய சடங்குகளில் பற்றுள்ளவர். பிஷப் சார்லஸ் பேரிங்குக்கோ அதெல்லாம் ரோமச் சபை வாடை. சபை பெருகி, உதவிக்குரு இல்லாமல் சமாளிக்க முடியாத நிலை வந்தபோது, 1873-ல் பிஷப் ஒரு நிபந்தனை போட்டார். வண்ணப் பட்டை அணியவோ, தூபம் போடும் இடத்தில் நிற்கவோ உதவிக்குருவைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று டைக்ஸ் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் உரிமம் கிடையாது.

டைக்ஸ் எழுதித் தரவில்லை. லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனார். 1874 ஜனவரியில் தோற்றார்.

பிறகு அத்தனை வேலையையும் ஒற்றை ஆளாக இழுத்தார். உடலும் மனமும் தளர்ந்தன. 1875-ல் விடுப்பில் போனவர் திரும்பவில்லை. 1876 ஜனவரி 22-ல், சசெக்ஸில் உள்ள டைஸ்ஹர்ஸ்ட் மனநலக் காப்பகத்தில் உயிர் பிரிந்தது. வயது 52. ஒரு தூபக்கலசத்துக்காக இவ்வளவு பிடிவாதமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். இரண்டு பக்கமும் அதை ஆராதனையின் உயிராகவே பார்த்தார்கள்.

அவர் போன பிறகும் விமர்சனம் ஓயவில்லை. 'ரொம்பவே உருகுகிற மெட்டு' என்று 20-ம் நூற்றாண்டின் இசை அறிஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் நின்று பாடுகிறவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

டைக்ஸின் உடல் டர்ஹாமுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆலய இடுகாட்டில் இடம் போதாமல், அவரே சில வருடங்களுக்கு முன் முயன்று வாங்கிய கூடுதல் நிலத்தில், 1870-ல் ஸ்கார்லெட் காய்ச்சலில் பறிகொடுத்த பத்து வயதுக் கடைசி மகள் மேபிளின் குழியிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த இடம் பிற்காலத்தில் குழந்தைகள் விளையாடும் பூங்காவாக மாறியது. அங்கே அடையாளத்தோடு மிஞ்சியிருக்கும் ஒரே கல்லறை அந்த அப்பாவும் மகளும் உறங்குவதுதான்.