கடலுக்கு அடியில் ஆள், கரையில் பணப்பை



பள்ளி விடுமுறை வந்தால் கோலா பெசுட்டிலும் மெர்சிங்கிலும் படகுத் துறைகள் நிரம்பிவிடுகின்றன. பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் முக்குளிப்பது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். இன்று தோட்டப்புறக் குடும்பங்களும் போகின்றன. நம் பிள்ளைகளுள் சிலர் இத்தகைய தீவுகளில் விடுதி வேலைக்கும் படகு வேலைக்கும் செல்கிறார்கள். ஆகவே அங்கு நடக்கும் சில்லறைத் திருட்டைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் நாமும் அறிந்திருப்பது நல்லது.

முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் கலனில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றுதான். அதைக் கொண்டு ஒருவர் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ நீருக்குள் இருப்பார். அவ்வளவு நேரமும் அவருடைய பணம், கைத்தொலைபேசி, அறைச் சாவி எல்லாம் மேலேதான் இருக்கும். சிறு தீவுகளில் வங்கி வசதி குறைவு. அதனால் வருகிறவர்கள் ரொக்கமாகவே கொண்டு வருவார்கள். திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

சாவியைச் செருப்புக்கு அடியில் மணலில் புதைத்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் செய்கிற தந்திரம் என்பதால் திருடனும் முதலில் அங்கேதான் தேடுவான்! ஈரக் கருவிகளை இரவில் விடுதித் திண்ணையில் உலரப் போட்டுவிட்டுத் தூங்குவது இன்னொரு தவறு. முகக் கண்ணாடியும் துடுப்புக் காலணியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். களவு போகாவிட்டாலும் கைமாறிப் போகும். சாயத்தால் பெயரையோ எண்ணையோ எழுதி வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். தாய்மார்களுக்கு ஒரு சொல்: நகை போட்டுக்கொண்டு கடலில் இறங்காதீர்கள். குளிர்ந்த நீரில் விரல் சற்றுச் சுருங்கும், மோதிரம் தானே கழன்றுவிடும். அதற்குத் திருடன் தேவையில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படகில் ஒரு பை காணாமற்போனால் முதற்சந்தேகம் யார்மீது விழுகிறது? பெரும்பாலும் படகில் காவலிருந்த பையன்மீதுதான். எடுத்தவன் வேறொருவனாக இருக்கலாம். பெயர் கெடுவதும் வேலை போவதும் இவனுக்கு. ஆகையால் படகில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பையை அப்படியே வாங்கி வைக்கக் கூடாது. உடையவர் முன்னிலையில் எண்ணிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ நீட்டும் கேமராவையோ கைத்தொலைபேசியையோ வாங்கவும் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி வாங்கி வைப்பது, நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 411ஆவது பிரிவின்படி குற்றம்.

பையை எண்ணுவது போலவே ஆளையும் எண்ண வேண்டும். 1998 ஜனவரி 25ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துக் கடலில், பவளப்பாறை அருகே முக்குளித்த ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. தலை எண்ணியதில் பிழை. அவர்களுடைய பை படகிலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்து அதைத் திறந்து பார்த்த பிறகே ஆட்கள் திரும்பவில்லை என்று தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன்பின் அம்மாநிலம் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கியது. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. இறங்கும்போது ஒருமுறை, ஏறியபின் ஒருமுறை, பெயர் சொல்லி முகம் பார்த்துக் கூப்பிட வேண்டும்.

நம் மெர்சிங் கடலிலும் 2022 ஏப்ரலில் நீருக்கு மேலே வந்த நால்வர் படகைக் காணாமல் அலைகளில் அடித்துச் செல்லப்பட்டனர். மூவர் மீட்கப்பட்டனர். பதினான்கு வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. ஒரு விசிலும், காற்றூதி உயர்த்தும் வண்ண மிதவையும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

தீவு என்றதும் சிலர் சிப்பாடானை நினைத்து அஞ்சுவார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ஆயுதம் தாங்கியவர்கள் அங்கிருந்து 21 பேரைக் கடத்தினர். அவர்களில் விடுதித் தொழிலாளர்களும் இருந்தனர். சபாவின் கிழக்குக் கரைக்கென்று 2013இல் தனிப் பாதுகாப்புத் தலைமையகமே அமைக்கப்பட்டது. அப்பகுதிக்குப் போகிறவர்கள் அன்றைய அரசாங்க அறிவிப்பைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். அது வேறு வகை ஆபத்து. பூட்டும் நோட்டும் அதைத் தடுக்கா.

பொருள் களவு போய்விட்டால் வீடு திரும்பும்வரை காத்திராதீர்கள். அவசரமென்றால் 999. இல்லையென்றால் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அடையாளக் கார்டு போயிருந்தால் பதிவிலாகாவிலும் அந்த நகல் உதவும். கேமரா, கைத்தொலைபேசி ஆகியவற்றின் தொடர் எண்ணை முன்பே எழுதி வீட்டில் வைத்திருந்தால், மீட்கப்பட்ட பொருள் உங்களுடையதுதான் என்று காட்டுவது எளிது.